சான்றாவணம்: ஒரு பாலிஷ் டப்பா

அந்த வழக்கில் மரம் அசல் தேக்குதான் என்று நிரூபித்தது எதிர்த்தரப்பு. ஆய்வுக் கட்டணத்தையும் அவர்களே கட்டினார்கள். அறிக்கை வந்த அன்றே வழக்கு எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. அது அவர்களுக்கு உறைக்க இன்னும் சில வாய்தாக்கள் தேவைப்பட்டன.

கட்சிக்காரர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் போகும் சாலையோரம் மெஸ் நடத்துபவர். அவர், அவர் மனைவி, ஒத்தாசைக்கு ஒரு பையன். காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு இட்லி, இரவு பத்து மணிக்கு இறங்குகிறவர்களுக்கு ரொட்டியும் உருளைக்கிழங்கும். உள்ளே பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டும், மற்றவர்களுக்கெல்லாம் வாசல்தான். பிளாஸ்டிக் நாற்காலி வெயிலில் வெளுத்துக் கால் பிளந்துபோகிறது. இரும்பு பெஞ்சில் மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்து பார்த்தவன் இரண்டாம் தடவை உட்காரமாட்டான். ஆகவே மரம் என்று முடிவு செய்திருக்கிறார். 2022 பொங்கலுக்கு முன், சென்னை எல்லைக்குள் இருந்த ஒரு மரச்சாமான் கடையில் எட்டு பெஞ்சு, நான்கு மேசை வாங்கினார். விலை 1,12,000 ரூபாய். பில்லில் ‘தேக்கு, கிளியர் பாலிஷ்’ என்று எழுதி, அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருந்தது.

சித்திரை வெயிலில் பாலிஷ் வெடித்தது. ஐப்பசி மழையில் பெஞ்சு கறுத்தது. கார்த்திகையில் என்னிடம் வந்தார்.

“கள்ளத் தேக்கு சார். ஆப்பிரிக்கா கட்டையைத் தேக்குன்னு சொல்லி தலையில கட்டிட்டான்.”

இந்தக் குற்றச்சாட்டை மரக்கடை வழக்குகளில் அடிக்கடி கேட்கலாம். பாதி நேரம் அது வழக்கைக் கெடுக்கத்தான் உதவும். 2014இல் மியான்மர் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு, நம் கிடங்குகளுக்கு வரும் தேக்கில் பெரும்பங்கு கானா, ஈக்குவடார், கோஸ்டாரிகா போன்ற நாடுகளின் தோட்டத் தேக்கு. அதுவும் தேக்குதான், அதே இனம். ‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்ற பெயரில் தேக்கே அல்லாத வேறு மரங்களும் விற்பனையாகின்றன என்பதும் உண்மை. எது எது என்று நீதிமன்றத்தில் சொல்ல ஆய்வகம் வேண்டும். மரம் தேக்கு என்று அறிக்கை வந்துவிட்டால், ‘போலி மரம்’ என்று மட்டும் எழுதிய புகார் அங்கேயே முடிந்துபோகும். அதனால் பெஞ்சைப் பார்க்காமல் ஒரு வரியும் எழுதுவதில்லை என்று மெஸ்ஸுக்குப் போனேன்.

மேசையின் மேல்பலகையில் பாலிஷ் சிறு சிறு தீவுகளாக மிஞ்சியிருந்தது. ஒரு தீவின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தபோது, அடிப்பக்கம் முழுக்க வெளிர் நிறத்தில் பஞ்சு மாதிரி மெல்லிய இழைகள். பாலிஷ் மரத்தை விட்டு வரவில்லை, மரத்தின் மேல்தோலையும் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. பெஞ்சின் ஸ்குரூ தலைகளைச் சுற்றிக் கறுப்பு வளையங்கள். கால்களின் அடிமுனையில் பாலிஷே இல்லை, பச்சையாக அறுத்தபடி சிமெண்டுத் தரையில் நின்றன. இரண்டு பெஞ்சுகளின் கால்கள் மட்டும் மற்றவற்றை விட வெளுப்பு. விரலால் அழுத்தினால் லேசாக உள்ளே போயிற்று.

இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று எனக்கு விளக்கியவர் ஒரு பாலிஷ் மேஸ்திரி. காசிமேட்டில் படகு வேலை பார்த்துவிட்டு, பிறகு வீட்டு வேலைக்கு வந்தவர். பின்னால் எங்கள் தரப்பில் வாக்குமூலம் கொடுத்தவரும் அவர்தான். அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன்.

மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் பசைக்கு லிக்னின் என்று பெயர். சூரியனின் புற ஊதாக் கதிர் முதலில் அதைத்தான் தின்கிறது. பெயின்ட் அடித்த மரத்துக்கு இந்தத் தொல்லை குறைவு, பெயின்டில் இருக்கும் நிறமியே குடை பிடித்துவிடும். கிளியர் பாலிஷில் நிறமி கிடையாது. மரத்தின் வரி தெரிய வேண்டும் என்றால் வெளிச்சம் உள்ளே போயே ஆக வேண்டும், வெளிச்சத்தோடு கதிரும் போகும். பாலிஷ் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கும்போதே அதன் அடியில் மரத்தின் மேற்பரப்பு தளர்ந்துகொண்டிருக்கும். ஒரு நாள் இரண்டும் சேர்ந்து உரியும். என் கையில் வந்த பஞ்சு இழைகள் அதுதான். தேக்காக இருந்தாலும் வேங்கையாக இருந்தாலும் இது நடக்கும்.

அடுத்தது பாலிஷின் வகை. ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்து அடிக்கும் பிரெஞ்சு பாலிஷ் தண்ணீர் பட்டால் வெண்மை பூக்கும். அதை வெளியே யாரும் அடிப்பதில்லை. மெலமைன் கெட்டியானது, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நன்றாக இருக்கும். ஆனால் வளையாது. மழையில் மரம் உப்பி வெயிலில் சுருங்கும்போது கூடவே அசைய முடியாமல் வெடிக்கும். வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கினால் வெளியேற வழி இல்லாமல் அடியிலேயே நிற்கும். பியூ எனப்படும் பாலியூரித்தேனிலும் உட்புறத்துக்கு ஒன்று, வெளிப்புறத்துக்கு ஒன்று உண்டு. உட்புற பியூ வெயிலில் மஞ்சளாகும். வெளிப்புற பியூ வேறு ரசாயனத்தில் செய்தது, கதிரை உறிஞ்சும் பொருளும் அதில் சேர்ந்திருக்கும், விலையும் கூடுதல். படகுக்கு அடிக்கும் வார்னிஷ் எண்ணெய் அதிகம் சேர்ந்தது, அசையும், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை உப்புத்தாள் போட்டு மேல்கோட் கொடுக்க வேண்டும். “வெளியே ஒரு தடவை அடிச்சா ஆயுசுக்கும் நிக்கிற கிளியர் பாலிஷ்னு ஒண்ணு இன்னும் வரல சார். வந்தா நானே வாங்கி அடிப்பேன்” என்றார்.

கடைக்காரர் அடித்தது எந்த வகை? அதை நிரூபிக்காமல் இந்த விளக்கத்தால் பயன் இல்லை. காய்ந்த படலத்தை ஆய்வுக்கு அனுப்பலாம், செலவும் காலமும் ஆகும். விடை சமையல்கட்டுக்குப் பின்னால் கிடைத்தது. சாமான் இறக்கிய அன்று டெம்போவில் உரசி இரண்டு மேசைகளில் கீறல் விழுந்திருக்கிறது. கடை ஆள் வந்து அங்கேயே பாலிஷ் தொட்டுக் கொடுத்துவிட்டு, காலி டப்பாவை விட்டுப் போய்விட்டார். கட்சிக்காரரின் மனைவி அதில் கற்றாழை வைத்திருந்தார். மண்ணைக் கொட்டி, துருவைத் துடைத்து, செல்போன் டார்ச்சில் பார்த்தால், பாதி கிழிந்த லேபிளின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது: உட்புற மரப்பரப்புகளுக்கு மட்டும். அந்த அம்மாவுக்குக் கற்றாழையை இடம் மாற்றுவதுதான் வருத்தம்.

டப்பாவைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, புகாரைத் திருப்பி எழுதினேன். போலித் தேக்கு என்ற சொல்லே அதில் இல்லை. கட்சிக்காரருக்கு அது பிடிக்கவில்லை. “ஏமாத்திட்டான்னு எழுதுங்க சார்” என்றார். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வாங்குகிறவர் இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய தொழில் அறிவை நம்பி வாங்கினால், அந்தக் காரியத்துக்குப் பொருள் ஓரளவேனும் தகுதியாக இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத நிபந்தனை. ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். நாம் நிரூபிக்க வேண்டியது ஒன்றுதான்: வெளியே போடுவதற்கு என்று சொன்னோமா?

சொன்னதற்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு இருந்தது. “வாசல்லதான் போடப்போறோம்ண்ணே, மேல ஷீட்டு கிடையாது, மழை வெயில் ரெண்டும் தாங்கணும்.” கடையிலிருந்து வந்த பதில்: “தேக்குண்ணே, பத்து வருஷம் கவலையே இல்ல.” நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டத்தை வரிக்கு வரி பிடித்துத் தொங்கமாட்டார்கள் என்றாலும், மின்னணுப் பதிவுக்கான 65பி சான்றிதழோடுதான் தாக்கல் செய்தேன். பின்னால் ஆட்சேபனை கேட்டு அலுத்துப்போவதை விட ஒரு தாள் கூடுதலாக இணைப்பது சுலபம்.

புகார் 2023 தொடக்கத்தில் திருவள்ளூர் மாவட்டக் குறைதீர் ஆணையத்தில் போயிற்று. கடை சென்னையில் இருந்தும் திருவள்ளூரில் போட முடிந்தது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் புண்ணியம். புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ போடலாம் என்கிறது 34ஆம் பிரிவு. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு நேர் ரயில் இல்லை, சென்ட்ரல் போய் வேறு பாதையில் திரும்ப வேண்டும், அல்லது பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறிப் போக வேண்டும். மெஸ்ஸை விட்டுவிட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் அனுபவசாலி. முதல் அடி எதிர்பார்த்த இடத்தில்தான் விழுந்தது: மெஸ் வணிகம், வணிக நோக்கத்தில் வாங்கியவர் நுகர்வோர் அல்ல. இதற்குப் பதில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட், நம் கோயம்புத்தூர் சம்பந்தப்பட்ட வழக்கு. சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவர் நுகர்வோரே, ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவரைப் போல. ஒத்தாசைக்கு ஒன்றிரண்டு பேர் இருந்தாலும் அந்த நிலை மாறாது என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கில் இயந்திரம் வாங்கிய நிறுவனம் தோற்றுப்போனது. தோற்றவர் வழக்கிலிருந்து பிறந்த விளக்கத்தில் இன்றும் டீக்கடைக்காரரும் தையல்காரரும் ஜெயிக்கிறார்கள்.

இரண்டாவது அடி, மரம். புகாரில் நாங்கள் கேட்காத கேள்விக்கு அவர்கள் பதில் தயாரித்து வந்தார்கள். கட்சிக்காரர் கடை வாசலில் போட்ட சத்தம் அவர்கள் காதில் நின்றிருக்க வேண்டும். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப 38ஆம் பிரிவில் மனுப் போட்டு, சட்டப்படி புகார்தாரர் கட்ட வேண்டிய கட்டணத்தைத் தாங்களே கட்டுவதாகவும் சொன்னார்கள். நான் ஆட்சேபிக்கவில்லை. ஆணையம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் வந்து மூன்று துண்டுகள் அறுத்து முத்திரையிட்டார். மூன்றும் தேக்கு என்று அறிக்கை வந்தது. ஒரு துண்டில் பாதிக்கு மேல் வெள்ளை, அதாவது வைரம் பாயாத வெளிப்பகுதி, என்றும் ஒரு வரி இருந்தது. அது நான் அழுத்திப் பார்த்த கால்.

எதிர்த்தரப்பு வக்கீல் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 401இன்படி தேக்கு முதல் வகுப்பு, 120 மாதத்துக்கு மேல் தாங்கும் என்றார். மியான்மரில் அமரபுராவில் இருக்கும் யூ பெயின் பாலத்தைக் கூட இழுத்துக்கொண்டு வந்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், ஏரித் தண்ணீருக்குள் தேக்குத் தூண்கள் நிற்கின்றன. தேக்கு அப்படிப்பட்டது என்றால் இது கெட்டது மெஸ்காரரின் பராமரிப்பால்தான் என்பது அவர் கட்சி.

நல்ல வாதம். ஆனால் அந்த 120 மாதக் கணக்கு வைரத்துக்கு உரியது. வைரத்திலிருந்து அறுத்த முளைகளைப் பாதி மண்ணில் புதைத்து, கரையானும் பூஞ்சையும் எத்தனை நாளில் தின்கின்றன என்று பார்க்கும் சோதனை அது. வெள்ளைப் பகுதிக்கு எந்த மரத்திலும் அந்தத் தகுதி கிடையாது. தோட்டத்தில் வேகமாக வளர்த்து இளசாக வெட்டிய தேக்கில் வெள்ளை அதிகம் இருக்கும். பாலிஷ் எத்தனை மாதம் நிற்கும் என்று அந்தச் சோதனை சொல்லவும் சொல்லாது. அமரபுராப் பாலத்துக்கு யாரும் கிளியர் பாலிஷ் அடிக்கவில்லை. பூச்சில்லாத தேக்கு வெயிலில் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான், உளுத்துப்போகாது. பாலிஷ் அடிக்காமலே கொடுத்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது என்று எழுத்துப்பூர்வ வாதுரையில் சேர்த்தேன். மரம் நல்ல மரம் என்று அவர்களே நிரூபித்த பிறகு, பத்து மாதத்தில் கெட்டதற்குக் காரணம் சொல்லும் பொறுப்பு பாலிஷ் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது அடி தூசி. சிப்காட்டின் உருக்காலைகளும் கம்பி ஆலைகளும் விடும் இரும்புத் தூசிதான் பெஞ்சைக் கறுப்பாக்கியது, எங்கள் பொறுப்பல்ல என்றார்கள். இதில் உண்மை உண்டு. மரத்தில் துவர்ப்புச் சத்து இருக்கிறது, ஈரத்தில் இரும்பு அதைத் தொட்டால் கறுப்பு பிறக்கும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோர் செய்ததும் அதேதான். ஆனால் ஸ்குரூவைச் சுற்றி இருந்த வளையங்கள் காற்றில் வந்தவை அல்ல. துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூ போட வேண்டிய இடத்தில் சாதா இரும்பு போட்டிருந்தார்கள். தூசியைப் பற்றிச் சொல்வதென்றால், டெம்போவைச் சிப்காட் சாலைக்கு அனுப்பியவர்களுக்குச் சிப்காட்டில் தூசி இருக்கும் என்று தெரியாதா? இடம் தெரிந்து விற்றவர் இடத்தைக் குறை சொல்ல முடியாது.

நடுவில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மெஸ்ஸுக்குள் முழங்கால் தண்ணீர், பெஞ்சுகள் வாசலில் மிதந்தன. அடுத்த வாய்தாவில் ‘வெள்ளத்தால் ஏற்பட்ட சேதம்’ என்று கூடுதல் பதிலுரை வந்தது. வழக்கறிஞர் ஆணையரின் படங்களும் ஆய்வறிக்கையும் புயலுக்கு முந்தியவை. அவர்கள் கேட்டு வாங்கிய ஆய்வு இரண்டாம் முறையாக எங்களுக்கு உதவியது.

டப்பாவை ஏற்க முடியாது, அது கீறலுக்குத் தொட்டது, முழு பாலிஷ் வேறு என்று ஒரு வாதம் மிச்சமிருந்தது. அப்படியானால் அந்த வேறு பாலிஷை வாங்கிய பில்லைக் காட்டலாமே என்று கேட்டிருந்தேன். காட்டவில்லை. இறுதி வாதத்தன்று ஆணைய உறுப்பினர் ஒருவர், அதுவரை அதிகம் பேசாதவர், எதிர்த்தரப்பு வக்கீலிடம் சாதாரணமாகக் கேட்டார்: “வெளியில போடுற சாமானுக்கு உங்க கடையில வேற பாலிஷ் இருக்கா?”

“இருக்குங்க மேடம். ஆனா காஸ்ட்லி. கஸ்டமர் கேட்டாதான் அடிப்போம்.”

உறுப்பினர் எழுதிக்கொண்டார். நான் எழுந்திருக்கவில்லை. வெளியே போட வேறு பாலிஷ் தேவை என்பது தெரியும், அது கையிலும் இருக்கிறது, குரல் பதிவில் கஸ்டமர் கேட்டும் இருக்கிறார். இதற்கு மேல் பேசினால் நானே கெடுத்துவிடுவேன்.

உத்தரவு நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, நியாயமாக இருந்தது. மரம் தேக்கு, இன்னும் பயன்படும், ஆகவே முழு விலையைத் திருப்பித் தர முடியாது. பழைய பாலிஷைச் சுரண்டி வெளிப்புறத்துக்கு ஏற்றதை அடிக்கவும், வெள்ளைக் கால்களை மாற்றவும் ஆகும் செலவு 38,000 ரூபாய், மன உளைச்சலுக்கு 15,000, வழக்குச் செலவு 5,000. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரி குறையுள்ள பொருளைக் காப்பாற்றாது என்று ஒரு பத்தி. கட்சிக்காரர் முழுப் பணமும் வரவில்லை என்று என்னிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். எதிர்த்தரப்பும் போகவில்லை, காசோலை வந்துவிட்டது.

வெளிப்புற பியூவே அடித்துவிடலாம் என்று கட்சிக்காரர் நினைத்திருந்தார். மேஸ்திரி வேண்டாம் என்றார். சாப்பாட்டு மேசை, தினம் சோப்புத் தண்ணீர், தட்டு உரசல். ஒரு இடத்தில் கீறினாலும் அங்கிருந்து உரிய ஆரம்பிக்கும், பிறகு முழுவதையும் சுரண்ட வேண்டும். படலம் கட்டாத, மரத்துக்குள் இறங்கும் வெளிப்புற எண்ணெய் போட்டார். கறைகளை ஆக்சாலிக் அமிலம் போட்டுக் கழுவி, நன்றாக அலசிக் காயவிட்டு, ஸ்குரூக்களை மாற்றி, கால் முனைகள் குடிக்கும் மட்டும் எண்ணெயில் நிறுத்தி வைத்தார். வருடா வருடம் புரட்டாசியில், மழைக்கு முன், துணியால் ஒரு கோட். பளபளப்பு இல்லை. கட்சிக்காரருக்கு அதிலும் குறை: “காசு குடுத்தும் பழசு மாதிரியே கீது சார்.”

சில மாதம் கழித்து அந்த எதிர்த்தரப்பு வக்கீலைத் திருவள்ளூர் நீதிமன்ற கேன்டீனில் பார்த்தேன். தன் கட்சிக்காரரின் புது பில் புத்தகத்தைக் காட்டினார். ‘பாலிஷ் உட்புறப் பயன்பாட்டுக்கு மட்டும், வெளியில் வைத்தால் கடை பொறுப்பல்ல’ என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது. வாடிக்கையாளர் வாயால் கேட்டு, விற்பனை ஆள் வாயால் ஒத்துக்கொண்ட பிறகு இந்த வரி நிற்காது என்றேன். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 62ஆம் பிரிவைப் பாருங்கள், வெளிப்படையான ஒப்பந்தத்தால் மறைமுக நிபந்தனையை விலக்கலாம் என்று இருக்கிறதே என்றார். பணம் கட்டிய பிறகு கைக்கு வரும் பில் எப்படி ஒப்பந்தம் ஆகும் என்று கேட்டேன். அப்படியானால் அட்வான்ஸ் ரசீதிலேயே அச்சடிக்கச் சொல்கிறேன் என்று குறித்துக்கொண்டார்.